தம்பிக்கு முத்து போட்ட சித்திரை

அடியே பெண்களா, மூன்று நாளாக நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கிற சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாசலில் வேப்பிலை கட்டினால் கிருமி அண்டாது என்று ஒருத்தி வீடியோ போட, பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவள் அதைக் கிழித்துத் தொங்கவிட, ஊசி போட்டவர்களும்தானே செத்தார்கள் என்று இன்னொருத்தி கேட்க, அறுபதைத் தாண்டியும் ஆறாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மாதிரி அடித்துக்கொள்கிறீர்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து என்னை இழுத்துவிட்டீர்கள். முப்பது வருஷம் சயின்ஸ் டீச்சர், அப்பா வேறு கறுப்புச் சட்டைக்காரர், நீயே தீர்ப்பு சொல்லு என்று.

தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். நீளமாகப் போகும். பாதியில் யாரும் கும்பிடு பொம்மை அனுப்ப வேண்டாம். முழுதும் படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தது உங்களில் யாருக்கும் தெரியாது. ஆறாம் வகுப்பில் நான் உங்களோடு வந்து சேர்ந்தபோது அவன் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புவரை இருந்தான். அஞ்சு வயது.

முத்தாபுதுப்பேட்டையில் அப்போது எங்கள் தெருவுக்குப் பின்னால் வயல்தான். இப்போது அங்கே அடுக்கு மாடி வந்து, எங்கெங்கிருந்தோ வந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா அந்த வயல்களில்தான் கூலிக்கு நாற்று நட்டார், கதிர் அறுத்தார். குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனி வாசலைத் தாண்டியவர் என் அப்பா. நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். சாயந்திரம் சைக்கிளை விட்டு இறங்கும்போது அவர்மேல் இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் ஏதாவது பட்டறையைக் கடந்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்புச் சட்டை. எங்கே கூட்டம் நடந்தாலும் போவார், பேசச் சொன்னால் பேசுவார். படித்தது எட்டாவது. ஆனால் ஆரஞ்சுப் பழத்தையும் குண்டு பல்பையும் வைத்து கிரகணம் எப்படி வருகிறது என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். முப்பது வருஷம் நான் வகுப்பில் காட்டியதும் அதைத்தான். அம்மாவுக்கோ எல்லாமே தாயி. தெருக்கோடிக் கோயிலில் இருந்த அம்மனைத்தான் சொல்கிறேன். பால் பொங்கி வழிந்தாலும் தாயி, பஸ் கிடைத்தாலும் தாயி.

சண்டை போடுவார்கள். ஆனால் அந்தச் சண்டையைப் பார்க்க எனக்கும் தம்பிக்கும் ஆசையாக இருக்கும். ஒரு ஆடி மாதம் அம்மா காப்புக் கட்டி, மஞ்சள் புடவையோடு தீமிதித்தாள். அடுத்த மாதமே நைனாவின் ஆட்கள் ஊர்ப் பொது இடத்தில் அதே அளவுக்குக் குழி வெட்டி, விறகு அடுக்கி, விரதமும் இல்லாமல் வேண்டுதலும் இல்லாமல் நெருப்பில் நடந்து காட்டினார்கள். நைனாதான் முதல் ஆள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"நல்லாப் பாரு. ஒரு கொப்புளம் கீதா? நான் எந்தத் தாயியக் கும்புட்டேன், சொல்லு."

அம்மா அவர் பாதத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ கும்புடலன்னா இன்னா? நான் உனுக்கும் சேத்துதான் காப்பு கட்டிகினேன். அவ உன்னியும் பாத்துகினா."

"இதுக்கு இன்னா கண்ணு பதில் சொல்றது?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் நைனா. அம்மாவும் சிரித்தாள், காலை மட்டும் விடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த எத்தனையோ நாட்களில் எனக்கு முழுதாக நினைவிருப்பது இது ஒன்றுதான்.

அடுத்த சித்திரையில் பள்ளி லீவு விட்ட வாரம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலையில் நெஞ்சில் இரண்டு கொப்புளம், மத்தியானத்துக்குள் முதுகெல்லாம். அம்மா அதைப் பார்த்ததும் பதறவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கை கூப்பினாள்.

"தாயி வந்துகீறா. முத்து போட்டுகீது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டமே வேறு. வாசலில் வேப்பிலைக் கொத்து. தம்பிக்குக் கீழே பழைய வேட்டி, அதன்மேல் வேப்பிலை. தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, சோப்பு கிடையாது, தலைவாரக் கூடாது. கூழும் இளநீரும் நுங்கும்தான் ஆகாரம். நோய் என்று யாரும் சொல்லக் கூடாது. அவனை 'டா' போட்டும் கூப்பிடக் கூடாது. மருந்து என்ற பேச்சே கூடாது. கொப்புளம் காய்ந்து, நாள் பார்த்து, வெயிலில் காய்ந்த வேப்பிலை மஞ்சள் தண்ணியைத் தலையில் ஊற்றுகிறவரை அவன் வாசற்படி தாண்டக் கூடாது.

தம்பிக்கு இதெல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. அம்மா அவனுக்கு முன்னால் உட்கார்ந்து, "தாயி, இன்னா வேணும் சொல்லுங்க" என்று கேட்பாள். அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "தாயிக்கு பம்பரம் வேணும்" என்பான். அம்மா ஆள் அனுப்பி ஆவடி மார்க்கெட்டிலிருந்து நிஜமாகவே பம்பரம் வாங்கி வரச் செய்தாள். பச்சையும் சிவப்பும் கோடு போட்டது. படுத்தபடியே அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வான், குளுகுளுவென்று இருக்கிறதாம்.

நைனாவுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. வெளியே நாலு இடம் போய், கேன்டீனில் சாப்பிட்டு வருகிற ஆண்பிள்ளை அந்தப் பக்கம் போகக் கூடாது. அவர் வாசலில் நின்றே கத்தினார்.

"இன்னா தாயி வந்துகீறா? கிருமி வந்துகீது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம் வா."

"கத்தாதே. புள்ள பக்கத்துல நின்னு அப்டி பேசாதே, உன் கால்ல வுழறேன். பத்து நாளு. பத்தே நாளு பொறுத்துக்கோ. நீயும் நானும் இப்டித்தான பொழைச்சோம்?"

அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தெரு முழுக்க அம்மா பக்கம். அதே வாரத்தில் அம்மா வீட்டுக்கு விலக்கானாள். அவளே பின்கட்டில் தள்ளி உட்கார்ந்துவிட்டாள். முத்து போட்ட பிள்ளையைத் தொட, ஊட்ட, விசிற வீட்டில் ஒரே ஆள்தான் மிச்சம். வயசுக்கு வராத பெண்பிள்ளை, தீட்டு இல்லாதவள், பத்து வயது. நான்.

"உன் கை சுத்தம்டி. உன் கையால குடு, தாயி ஏத்துப்பா" என்றாள் அம்மா. தான் தீட்டானது தாயிக்குப் பிடிக்கவில்லையோ என்று வேறு பயந்துகொண்டிருந்தாள்.

அன்று சாயந்திரம் நைனா என்னைத் தெருமுனைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சி. கம்பெனி டிஸ்பென்சரியிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார். எப்படி உதறுவது, அக்குளில் எவ்வளவு நேரம் வைப்பது, பாதரசக் கோட்டை எப்படிச் சாய்த்துப் பிடித்துப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு காகிதப் பொட்டலம். வெள்ளை மாத்திரைகள். பொட்டலத்தின்மேல் கம்பவுண்டர் இங்கிலீஷில் பெயர் எழுதியிருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆஸ்பிரின். நைனாவுக்கு ஒரே பெருமை.

"ஜொரத்துக்கும் ஒடம்பு நோவுக்கும். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நுணுக்கி நுங்குல போட்டுக் குடு. அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

"தாயி கோவிச்சுக்காதா நைனா?"

"உங்கம்மா கெட்டவ இல்ல கண்ணு. பயந்தவ. நீ அறிவுக்காரி. உன்னை நம்பித்தான் புள்ளய வுட்டுட்டுப் போறேன்."

அந்த வார்த்தைக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். அம்மா என் கையை நம்பினாள், நைனா என் அறிவை நம்பினார். பத்து வயதில் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? கரண்டியின் முதுகால் மாத்திரையை நசுக்கி, நுங்குத் தண்ணியில் கலந்து, விரலால் தோண்டித் தோண்டி ஊட்டினேன். முதல் வாய்க்கே அவன் முகம் சுளித்தான்.

"புளிக்குதுக்கா."

பின்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "இன்னாடி சொல்றாங்க?"

"புளிக்குதாம்மா."

"தாயிக்குப் புளிப்பு ஆவல போல. இனிமே கூழுல மோரு ஊத்தாதே."

பாவம், மோரை நிறுத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாயந்திரம் குழாயடியில் நைனாவிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். ஒவ்வொரு நாளும் அவரிடம் பாதரசக் கணக்கை ஒப்பிப்பேன். நூற்றிரண்டு, நூற்றொன்று, நூறு. இறங்கிக்கொண்டே வந்தது. கொப்புளங்கள் கறுத்துக் காய ஆரம்பித்தன. அம்மா பின்கட்டில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நைனா குழாயடியில் என் தலையைத் தடவிக்கொடுத்தார். இருவருமே ஜெயித்ததாக நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை தண்ணி ஊற்றுவதாக நாள் குறித்தாயிற்று.

வியாழக்கிழமை விடிந்து, நைனா முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு தம்பி வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டு இளநீர் கொடுத்தேன், அதையும் எடுத்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் எடுத்துக்கொண்டே இருந்தான். நான் பயந்துபோனேன். மருந்து பற்றவில்லை என்று நினைத்தேன். அதனால் அன்றைக்கு இரண்டு மாத்திரையாக நசுக்கிக் கொடுத்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

பத்து மணி இருக்கும், அவன் கத்த ஆரம்பித்தான். அழுகை இல்லை, கத்தல். என்னைப் பிடித்துத் தள்ளினான். "தம்பி, அக்காடா" என்றேன். என்னைப் பார்த்தான், ஆனால் நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அம்மா அன்றுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் ஆடிப்போனாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தாயி கோவமா கீறா. எதுனா தப்பு நடந்துகீது. நீ எதுனா பண்ணியா? வெளிய எங்கனா போயி சாப்ட்டியா? சொல்றீ."

"இல்லம்மா."

"வேப்பிலையத் தொட்டுச் சொல்லு."

தொட்டுச் சொன்னேன். பாவாடை மடிப்பில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் ரிக்‌ஷா ஓட்டுபவர். அவர் வந்து வாசலில் நின்று, "ஏறுக்கா, தூக்கினு போயிடலாம்" என்றார். அம்மா பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். தண்ணி ஊற்றாமல் வாசல் தாண்டினால் தாயி இன்னும் கோபித்துக்கொள்வாள், பிள்ளை பிழைக்காது. அவளுக்கு அது சந்தேகமே இல்லாத விஷயம். நைனாவுக்குக் கிரகணம் எப்படியோ அப்படி. பிடிவாதம் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்தேனே, அது பிடிவாதம் இல்லை. பிள்ளையைக் காப்பாற்றத் தனக்குத் தெரிந்த ஒரே வழியை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயிலில் அவளுக்கும் அந்தப் பிடி விட்டுப்போயிற்று. தம்பி கத்துவதை நிறுத்தி, பாதிக் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். அம்மா முற்றத்துக்கு ஓடி, பச்சைத் தண்ணியிலேயே மஞ்சளைக் கரைத்து, நாலு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டு எடுத்துவந்தாள். வெயிலில் காயாத தண்ணி, நாள் வராத நாள். "தாயி மன்னிச்சுக்கோ, தாயி மன்னிச்சுக்கோ" என்று அழுதுகொண்டே அவன் தலையில் ஊற்றினாள். ஈரத்தோடு வாரித் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். நானும் ஓடி ஏறினேன். வழியெல்லாம் அவன் தலைமுடியிலிருந்து மஞ்சள் தண்ணி என் பாவாடையில் சொட்டிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் இமையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல சார். சத்தியமா ஒண்ணுமே குடுக்கல." தப்பு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது மாதிரிதான் அம்மா அதைச் சொன்னாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "ஒண்ணுமே குடுக்கலையா? எத்தனை நாளா? இவ்வளவு நேரம் வீட்ல வெச்சு என்னம்மா பண்ணீங்க?" என்று சத்தம் போட்டார். நான் அம்மாவின் பின்னால், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது யோசித்தால் என்ன மருந்து என்ற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் டாக்டருக்கு எதுவும் புரிந்திருக்குமா என்பது வேறு.

சூரியன் இறங்கும்முன் தம்பி போய்விட்டான்.

நைனா கம்பெனி உடுப்போடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளிடம் போகவில்லை. என்னை வராந்தாவின் மூலைக்குக் கூட்டிப்போய் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணு. மாத்திரை தெனமும் சரியா குடுத்தியா?"

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். நான்தான் தம்பியைக் கொன்றேன் என்று இருந்தது. தாயிக்கு ஆகாத மருந்தைத் திருட்டுத்தனமாகக் கொடுத்தேன், வேப்பிலையைத் தொட்டுப் பொய் சொன்னேன், அதனால் தாயி அவனை எடுத்துக்கொண்டாள். அறிவுக்காரி என்று அவர் சொன்ன பெண்ணின் தலையில் அப்போது இருந்தது இது மட்டும்தான்.

"குடுக்கல நைனா. ஒரு நாளும் குடுக்கல, குடுத்தேன்னு உன்னாண்ட பொய் சொன்னேன். அம்மா பின்கட்டுலருந்து பாத்துகினே இருந்துச்சு. வுடல."

அவர் எழுந்து போனார். அத்தனை பேருக்கு முன்னால் அம்மாவிடம் சொன்னார். "ஒரு மாத்திரை அவன் வாயில போவ வுடலியேடி. நீதான்டி கொன்ன. தாயி இல்ல, கிருமி இல்ல. நீ."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. வுடல" என்றாள்.

மிச்சமிருந்த மாத்திரைகளை நான் கிணற்றில் போட்டேன்.

அதற்குப் பிறகு நைனா இருபத்தெட்டு வருஷம் இருந்தார். அம்மா கையால் சாப்பிட்டார். அவளோடு பேசவில்லை, வேண்டியதை என்னிடம் சொல்வார். ஆனால் மேடையில் பேசினார். குமணன்சாவடியில் ஒரு கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நாங்கள் அந்தப் பக்கம் குடிவந்திருந்தோம். வீட்டு வாசலுக்கே ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். "என் வீட்டிலேயே மூடநம்பிக்கைக்கு ஒரு உயிரைப் பறிகொடுத்தவன் நான். பெற்ற தாயே வேப்பிலையை நம்பி..." என்று அவர் குரல் தெருவெல்லாம் கேட்டது. கூட்டத்தில் கை தட்டினார்கள். அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. களைந்ததையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.

அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை அவருக்குப் பொய் இல்லை. பொய் என்னுடையது.

அம்மா அதன் பிறகு கோயிலுக்குள் போனதே இல்லை. தேர் வந்தால் வாசலில் நின்று கும்பிடுவாள், அதுவும் யாரும் பார்க்கவில்லை என்றால்தான். தாயியின் மேல் கோபம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கேட்க அவளுக்கு உரிமை இல்லை என்று நினைத்தாளாம். என் மகள் பிறந்தபோது ஒரு நாள் சொன்னாள்.

நானோ படித்தேன். படிக்கப் படிக்கத் தாயி கோபித்துக்கொண்டாள் என்ற பயம் கழன்றுவிட்டது. காய்ச்சல் மாத்திரைதானே கொடுத்தேன், அதில் என்ன இருக்கிறது? வைரஸ் மூளைக்கு ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதம் செய்ததால் பிள்ளை போனான். அவ்வளவுதான் விஷயம். என்மேல் தப்பில்லை என்று ஆனதும் எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? அந்த லேசுக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்றால், நானும் அம்மாவைக் குற்றவாளியாக்கினேன். வாயால் சொன்னதில்லை. ஆனால் முப்பது வருஷம் ஒவ்வொரு ஆறாம் வகுப்புக்கும் மூடநம்பிக்கை பற்றிப் பாடம் எடுக்கும்போது மனதில் அவளைத்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், வேலப்பன்சாவடி பிளாட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தபோது, என் பேரனுக்கு அம்மை போட்டது. என் மகள் ஒரு குழந்தை மருத்துவர், உங்களுக்குத் தெரியும். அவள் டியூட்டிக்குப் போயிருந்தாள். பேரனுக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. வேப்பிலையைத் தேடியிருக்க வேண்டிய என் அம்மா, எண்பது வயதில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாத்திர குடுறீ. எதுனா மாத்திர குடு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. பாத்துகினே நிக்காதே."

அவள் போட்ட கூச்சலில் எனக்கும் கை கால் ஓடவில்லை. நெஞ்சுக்காக நான் தினமும் போடுகிற மாத்திரைதான் கைக்குக் கிடைத்தது. அதுவும் ஆஸ்பிரின்தானே, காய்ச்சலைக் குறைக்கும். பாதியாக உடைத்துத் தண்ணியில் கரைத்தேன். அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். டம்ளரைப் பிடுங்கி சிங்க்கில் கொட்டினாள்.

"அம்மா, அம்மை வந்த குழந்தைக்கு இதக் குடுக்கவே கூடாது. நீ சயின்ஸ் டீச்சர்தானே?"

ஏன் என்று கேட்டேன். அவள் பிள்ளைக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். எப்போதோ, யாரோ ஒரு குழந்தைக்குத்தான் அப்படி ஆகும். அம்மை போட்டிருக்கும்போது இந்த மாத்திரை கொடுத்தால் ஈரலும் மூளையும் கெட்டுப்போகும். காய்ச்சல் இறங்கி, கொப்புளம் காய்ந்து, பிள்ளை பிழைத்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஆரம்பிக்கும்.

"எப்படி ஆரம்பிக்கும்?"

"வாந்தி. விடாம எடுக்கும். அப்புறம் ஆள் தெரியாம கத்தும். ஏம்மா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"அந்தக் காலத்துல எல்லாரும் இதத்தானே குடுத்தாங்க?"

"ஆமா. யாருக்கும் தெரியாது. டாக்டருங்களுக்கே தெரியாது. பின்னாடிதான் கண்டுபிடிச்சாங்க."

சுற்றி வளைத்து, யாரோ ஒரு ஊர்ப் பிள்ளையின் கதை மாதிரி தம்பியைப் பற்றிக் கேட்டேன். நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, அம்மையே மூளைக்கு ஏறினாலும் இப்படி ஆகலாம் என்றாள். அந்தச் சந்தேகத்தின் பலனை எனக்கு நானே எத்தனையோ முறை கொடுத்துப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை கொடுத்த அந்த இரண்டு மாத்திரை அதை எடுத்துக்கொள்ள விடுவதில்லை.

என் மகள் சொன்னதையும் விஞ்ஞானம்தான் கண்டுபிடித்தது. அதனால் அடியே, வீடியோ போட்டவளே, இதை எடுத்துக்கொண்டு நீ ஆட வேண்டாம். வேப்பிலை யாரையும் காப்பாற்றவில்லை. பேங்க்காரி, நீயும் கொஞ்சம் பொறு. நைனாவைவிட விஞ்ஞானத்தை நம்பியவர் உன் குழுவில் யாரும் இல்லை. ஒன்றும் கொடுக்காதே என்று அம்மா சொன்னதை நான் கேட்டிருந்தால் தம்பி ஒருவேளை வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு வாசலில் பம்பரம் விட்டிருப்பான். அவள் சொன்ன காரணம் தப்பு. சொன்ன பேச்சை நான் கேட்டிருக்கலாம்.

ஆனால் நான் யோக்கியதை இல்லாதவள் என்று சொன்னது இதற்காக இல்லை. பத்து வயதில் செய்ததற்கு யாரும் என்னைத் தூக்கில் போட மாட்டீர்கள். அம்மா அடுத்த அறையில்தான் இருந்தாள். மகள் சொன்ன அந்த சாயந்திரமே நான் போய்ச் சொல்லியிருக்கலாம். ஐம்பது வருஷமாக நீ சுமக்கிறாயே, அது உன்னுடையது இல்லை என்று. காலையிலிருந்து மத்தியானம்வரை நீ பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததால் இது நடக்கவில்லை, அதற்கு முன்பே நடந்துவிட்டது என்று. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அவளுக்கு உடம்பு தேறட்டும், பொங்கல் போகட்டும் என்று ஆறு வருஷம் ஓட்டினேன். காரணம் வேறொன்றும் இல்லை. உலகத்தில் என்னைக் குற்றமில்லாதவளாகப் பார்க்கிற ஒரே ஆள் அவள்தான்.

போன கார்த்திகையில் அவள் படுத்துவிட்டாள். கஞ்சிகூட இறங்கவில்லை. ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. நான் அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவ, டீச்சரு. பொய் சொல்லாதே."

"என்னம்மா?"

"அன்னிக்கு. காலைலயே அந்தப் புள்ளையாண்டான் ரிக்‌ஷாவ இட்டாந்து நின்னான் இல்ல. அப்பவே தூக்கினு ஓடியிருந்தா, புள்ள பொழைச்சிருப்பானா?"

இல்லையம்மா என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. சொன்னால் அடுத்து ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் நுங்கு, மாத்திரை, வேப்பிலையைத் தொட்டுச் சொன்ன பொய், வராந்தாவில் நைனாவிடம் சொன்ன பொய், அதைக் கேட்டு அவர் இருபத்தெட்டு வருஷம் பேசாமல் இருந்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"பொழைச்சிருப்பாம்மா" என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். ஏற்கனவே தெரிந்ததை ஒரு தரம் சரிபார்த்துக்கொண்ட மாதிரி கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. எனக்கு அடக்க முடியவில்லை. கட்டிலின் விளிம்பில் முகத்தை வைத்து அழுதேன். சத்தம் கேட்டு அவள் கையை எடுத்துத் தட்டுத்தடுமாறி என் தலைமேல் வைத்தாள்.

"நீ ஏண்டி அழுவுற? நீ இன்னா பண்ணுவ, கொயந்த. நான் பண்ணதுக்கு நீ ஏன் அழுவுற."

அவள் கை என் தலைமேல் இருந்தது. நான் அப்போதும் சொல்லவில்லை.